யுஆர்எல் பார்சரில் தமிழ் டொமைன் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுஆர்எல்லைப் பிரித்துப் படிக்கும் லைப்ரரி எழுதுபவர்களும், ஏற்கெனவே உள்ள ஒன்றைத் தங்கள் நிரலில் பயன்படுத்துபவர்களும் ஆங்கிலம் அல்லாத டொமைன் பெயர்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகளை முடிந்தவரை தமிழிலேயே வைத்திருக்கிறேன். நம் எழுத்துக்கே உரிய சிக்கல்கள் சில இருக்கின்றன. ஜெர்மன், சீனப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் அவை கண்ணில் படாது.

டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் இணைய அமைப்பு) ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும்தான் செல்லும் என்கிறார்களே. அப்படியானால் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன?

டிஎன்எஸ் நெறிமுறை எந்த பைட்டையும் தாங்கும். ஹோஸ்ட் பெயர்களுக்கு (யுஆர்எல்லில் சர்வரைக் குறிக்கும் பகுதி) என்று வந்த பழைய மரபுதான் அந்த மூன்றோடு நிற்கிறது. உலகம் முழுக்க ஓடும் மென்பொருள்கள் அந்த மரபை நம்பி எழுதப்பட்டவை என்பதால், 2003-இல் வந்த ஐடிஎன்ஏ தரம் (ஆங்கிலம் அல்லாத டொமைன் பெயர்களுக்கான விதிகள்) டிஎன்எஸ்ஸைத் தொடவே இல்லை. மாற்றும் பொறுப்பு முழுவதையும் பயன்பாட்டு மென்பொருளிடம் கொடுத்துவிட்டது. தமிழ்ப் பெயர் முதலில் "எக்ஸ்என்--" (xn--) என்று தொடங்கும் ஓர் ஆஸ்கி வடிவமாக, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டும் உள்ள வடிவமாக, மாறும். அதற்குப் பிறகுதான் டிஎன்எஸ்ஸுக்குப் போகும். அங்கே தமிழ் எழுத்து போய்ச் சேருவதே இல்லை.

2007 அக்டோபரில், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 11 மொழிகளில் சோதனை டொமைன்களை இணையத்தின் மூல மண்டலத்தில் (டிஎன்எஸ்ஸின் உச்சிப் பட்டியல்) வைத்தது. அவற்றில் ஒன்று நம்முடைய "உதாரணம்.பரிட்சை". நாட்டுப் பெயர்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ஆக, மாற்றுவது உங்கள் லைப்ரரியின் வேலை. அதை எந்த இடத்தில், எத்தனை முறை செய்கிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. என் பரிந்துரை ஒன்றுதான்: பார்ஸ் செய்யும்போது ஒரே ஒரு முறை மாற்றுங்கள், ஆஸ்கி வடிவத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், தமிழ் வடிவத்தைத் திரையில் காட்டும்போது மட்டும் உருவாக்குங்கள்.

அந்த ஆஸ்கி வடிவம் எப்படி உருவாகிறது? தமிழ்ப் பெயர் நீளமாக இருந்தால் இடம் போதுமா?

பியூனிகோடு என்ற முறையால்; அதை விவரிக்கும் இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 3492. லேபிளில் (டொமைன் பெயரில் "." குறிகளால் பிரியும் ஒவ்வொரு பகுதி) ஆஸ்கி எழுத்துகள் இருந்தால் அவற்றை முதலில் அப்படியே எழுதிக்கொள்ளும். மற்றக் குறிகளை யூனிகோடு எண் வரிசைப்படி எடுத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் செருகப்பட வேண்டும் என்பதை 36 அடிமான எண்களாக எழுதும். பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுவதால், ஒரே எழுத்துமுறையில் உள்ள பெயர் நன்றாகச் சுருங்கும்.

"சிங்கப்பூர்" என்ற பெயரைப் பாருங்கள். நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 11 குறிகள். யுடிஎஃப்-8-இல் (யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) 33 பைட். டிஎன்எஸ்ஸுக்குப் போகும் வடிவத்தில், முன்னொட்டையும் சேர்த்து, 22 எழுத்து. ஒரு லேபிளுக்கு 63 என்ற உச்சவரம்பு இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் பொருந்தும். "தமிழ்ப் பெயர் 63 எழுத்துக்குள் இருக்கிறதா" என்று மாற்றுவதற்கு முன்பே எண்ணிப் பார்க்கும் நிரல் தவறானது. யுடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணுவதும் அதேபோல் தவறு, அது நல்ல பெயர்களையும் தள்ளிவிடும்.

இன்னொன்று. எழுத்துகளின் வரிசை இடமே குறியீட்டுக்குள் கலந்துவிடுவதால், மாற்றிய வடிவத்தை நடுவில் வெட்டினால் வேறு பெயர் வரும், அல்லது பிழை வரும். பாதி லேபிளை வைத்துத் தேடுவது, நீளமான பெயரைத் துண்டாக்கிச் சேமிப்பது போன்றவற்றை ஆஸ்கி வடிவத்தின் மேல் செய்யக் கூடாது.

தமிழ் விக்கிப்பீடியா முகவரியில் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளாக மாறுகின்றன. டொமைனையும் அப்படியே மாற்றினால் என்ன?

அங்கே மாறுவது பாதை, அதாவது ஹோஸ்டுக்குப் பிறகு சாய்கோட்டில் தொடங்கும் பகுதி. பாதையும் வினவலும் (கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி) யுடிஎஃப்-8 பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு எழுதப்படும். ஹோஸ்ட் பகுதிக்கு ஐடிஎன்ஏ. இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள், ஒன்றின் நிரலை மற்றொன்றுக்குப் பயன்படுத்த முடியாது.

இதில் பலர் கவனிக்காத வித்தியாசம் ஒன்று உண்டு. ஐடிஎன்ஏ, யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தை வெவ்வேறு குறிகளால் எழுதியதை ஒரே வடிவமாக்குவது) செய்யும். பாதைக்கு அது நடக்காது. "கொ" என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஹோஸ்டில் இரண்டும் ஒரே டொமைனுக்குப் போகும். பாதையில் அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள், ஒன்று திறக்கும்போது மற்றொன்று 404 தரலாம். பார்சர் பாதையைத் திருத்தக் கூடாது. அதைச் சரிசெய்ய வேண்டியது சர்வரின் பக்கம்.

ஐடிஎன்ஏ 2003, ஐடிஎன்ஏ 2008, யுடிஎஸ் 46 என்று மூன்று இருக்கின்றன. எதை எடுப்பது?

யுடிஎஸ் 46, அதிலும் நான்டிரான்சிஷனல் முறை (அது என்ன என்பது அடுத்த கேள்வியில்).

2003 தரம் யூனிகோடு 3.2 பதிப்போடு கட்டிப்போடப்பட்டது. தமிழின் ஶ எழுத்து 2005-இல் வந்த யூனிகோடு 4.1-இல்தான் சேர்ந்தது, அதனால் அந்தத் தரத்துக்கு அப்படி ஓர் எழுத்து இருப்பதே தெரியாது. 2010-இல் வெளியான ஐடிஎன்ஏ 2008 (ஆர்எஃப்சி 5890 முதல்) எந்த ஒரு யூனிகோடு பதிப்பையும் சார்ந்திராமல், எழுத்துகளின் பண்புகளை வைத்து எது செல்லும் எது செல்லாது என்று விதி வகுத்தது. ஆனால் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்குவது போன்ற மாற்றங்களை அது தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. பயனர் தட்டுவதை அப்படியே அதனிடம் கொடுத்தால் நிறையப் பெயர்கள் பிழை ஆகிவிடும். இரண்டுக்கும் பாலமாக யூனிகோடு கன்சார்ட்டியம் கொடுத்ததுதான் யுடிஎஸ் 46. உலாவிகள் பின்பற்றும் வாட்விஜி யுஆர்எல் தரமும் இதையே சொல்கிறது. உங்கள் லைப்ரரி உலாவியைப் போல நடக்க வேண்டும் என்றால் வேறு தேர்வு இல்லை.

டிரான்சிஷனல், நான்டிரான்சிஷனல் என்ற வித்தியாசம் தமிழுக்கு முக்கியமா?

முக்கியம். இந்த விஷயத்தை விளக்கும்போது எல்லோரும் ஜெர்மன் எஸ்செட் எழுத்தையும் கிரேக்கத்தின் இறுதி சிக்மாவையும் சொல்வார்கள். ஆனால் இரண்டு முறைகளும் வேறுபடும் எழுத்துகள் நான்கு. மீதி இரண்டும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பிகள்: எழுத்துகளைச் சேர்ப்பது ஒன்று, சேரவிடாமல் தடுப்பது மற்றொன்று. தமிழ் இங்கேதான் மாட்டுகிறது.

"ரிக்‌ஷா" என்று க், ஷா இரண்டும் பிரிந்து தெரிய வேண்டும் என்றால், புள்ளிக்குப் பிறகு அந்தத் தடுப்புக் குறியை இடுகிறோம். இடாவிட்டால் "ரிக்ஷா" என்று கூட்டெழுத்தாகிவிடும். டிரான்சிஷனல் முறை இந்தக் குறியை ஓசையில்லாமல் நீக்கிவிடும். நான்டிரான்சிஷனல் முறை வைத்துக்கொள்ளும். அதாவது ஒரே உள்ளீட்டை ஒரு லைப்ரரி ஒரு டொமைனுக்கும் இன்னொரு லைப்ரரி வேறொரு டொமைனுக்கும் அனுப்பும். முகவரியைச் சரிபார்க்கும் நிரலும் இணைப்பை ஏற்படுத்தும் நிரலும் வெவ்வேறு முறையில் இருந்தால், சரிபார்த்தது ஒரு சர்வரை, தொட்டது வேறொரு சர்வரை என்றாகிவிடும். இது பாதுகாப்புப் பிரச்சினை.

குரோம் 2023-இல் 110-ஆம் பதிப்பில் நான்டிரான்சிஷனலுக்கு மாறிவிட்டது. யுடிஎஸ் 46-உம் டிரான்சிஷனல் முறையைக் கைவிடும் பட்டியலில் வைத்துவிட்டது. புதிதாக எழுதும் லைப்ரரியில் அந்த விருப்பத்தையே கொடுக்க வேண்டாம்.

செக்ஜாய்னர்ஸ் என்ற சோதனையை மறக்காமல் போடுங்கள். புள்ளிக்குப் பிறகு வந்தால் தடுப்புக் குறி செல்லும். அகர உயிர்மெய்க்கோ உயிர்க்குறிக்கோ பிறகு வந்தால் அந்தப் பெயரே பிழை. அதே நேரத்தில், ஆவணங்களிலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் அகலமில்லா இடைவெளி வேறு வகை: அதை யுடிஎஸ் 46 பிழை சொல்லாமல் நீக்கிவிடும். இரண்டையும் ஒன்றாகக் கருதி எல்லாவற்றையும் துடைத்துவிடும் "சுத்தம் செய்யும்" செயல்கூறுகளைப் பார்சருக்கு முன்னால் வைக்காதீர்கள்.

பார்சர் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

முதலில் யுஆர்எல்லைப் பகுதிகளாகப் பிரித்து, ஹோஸ்ட் எது என்று தீர்மானிக்க வேண்டும். ஹோஸ்டில் விழுக்காட்டுக் குறிகள் இருந்தால் அவிழ்த்து, பைட்டுகளை யுடிஎஃப்-8 ஆகப் படிக்க வேண்டும். அப்புறம் ஐடிஎன்ஏ. அதன் பிறகு, வந்த விளைவின் மேல், தடைசெய்யப்பட்ட எழுத்துகள் இருக்கின்றனவா என்ற சோதனை. கடைசியாக அது ஐபி முகவரியா என்ற சோதனை. பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி இரண்டையும் ஐடிஎன்ஏ-வுக்கு முன்னால் வைப்பதால் வருபவை.

①②⑦。⓪。⓪。① என்று ஒருவர் கொடுத்தால் என்ன ஆகும்? வட்ட எண்கள் சாதாரண எண்களாகும், சீன முற்றுப்புள்ளி சாதாரணப் புள்ளியாகும், முடிவில் 127.0.0.1 வரும். ஐபி சோதனையை முன்னால் முடித்துவிட்ட நிரல், இது ஏதோ டொமைன் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். உள் சர்வர்களை வெளியிலிருந்து தொடும் தாக்குதல்களுக்கு இது நன்கு அறியப்பட்ட வழி.

தடை எழுத்துகளும் அப்படித்தான். முழு அகலச் சாய்கோடு ／, முழு அகலக் கேள்விக்குறி ？, முழு அகல ＠ எல்லாம் இயல்பாக்கத்தில் சாதாரணக் குறிகளாக மாறும். ஒரே குறிக்குள் சாய்கோட்டை ஒளித்து வைத்திருக்கும் யூனிகோடு எழுத்துகளும் உண்டு. மாற்றிய பிறகு ஹோஸ்டின் நடுவில் சாய்கோடு முளைத்தால், அதை அடுத்துப் படிக்கும் நிரலுக்கு ஹோஸ்ட் பாதியிலேயே முடிந்துவிடும். 2019-இல் பைதானின் யுஆர்எல்ஸ்பிளிட் செயல்கூறில் இதே ஓட்டை திருத்தப்பட்டது (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2019-9636). அதே ஆண்டு பிளாக் ஹாட் மாநாட்டில் ஹோஸ்ட்ஸ்பிளிட் என்ற பெயரில் இந்த வகைத் தாக்குதல் விரிவாக விளக்கப்பட்டது.

தமிழ் எண்கள் ௧, ௨, ௩ வந்தால் ஐபி முகவரி ஆகுமா?

ஆகாது, ஆகவும் கூடாது. வட்ட எண்களைப் போலத் தமிழ் எண்களை யுடிஎஸ் 46 மாற்றுவதில்லை. ௧௨௭ என்பது ஐடிஎன்ஏ-வுக்குப் பிறகும் ௧௨௭ என்ற லேபிள்தான், மற்றத் தமிழ்ப் பெயர்களைப் போலப் பியூனிகோடாகும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பைதானின் இன்ட் செயல்கூறு தமிழ் எண்களை மகிழ்ச்சியாக ஏற்று 127 என்று தரும். ஜாவாவின் இன்டிஜர் பார்ஸ்இன்ட்டும் அப்படியே. பைதானில் ரெகெக்ஸின் எண் குறியீடு, ஸ்ட்ரிங்கில் தேடும்போது எல்லா மொழி எண்களோடும் பொருந்தும். இவற்றை வைத்து ஐபி சோதனை எழுதி, அதை ஐடிஎன்ஏ-வுக்கு முன்னால் ஓட்டினால், தமிழ் எண்ணில் எழுதிய டொமைன் ஐபி முகவரியாகிவிடும். 0 முதல் 9 வரை ஆஸ்கி எண்களை மட்டும் வெளிப்படையாகச் சோதியுங்கள்.

௰, ௱, ௲ ஆகிய பத்து, நூறு, ஆயிரக் குறிகள் ஐடிஎன்ஏ 2008-இல் தடைசெய்யப்பட்டவை, யுடிஎஸ் 46 விடுகிறது. பதிவாளர்கள் 2008 விதிகளைப் பின்பற்றினால் அப்படியொரு பெயரைப் பதிய முடியாது. பார்சர் யுடிஎஸ் 46 சொல்வதோடு நின்றால் போதும்.

பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் பெயர்களை லைப்ரரி தடுக்க வேண்டாமா?

இந்தக் கேள்வி வரும்போது சிரிலிக் எழுத்துகளால் எழுதிய ஆங்கிலப் பிராண்டுப் பெயர்களைத்தான் காட்டுவார்கள். அவற்றில் ஒரு பகுதியை, "ஒரே லேபிளில் இரண்டு எழுத்துமுறை கலந்தால் சந்தேகப்படு" என்ற விதியால் பிடிக்கலாம். தமிழின் சிக்கல் அந்த விதிக்குள் வராது. எண் ௧ பார்வைக்கு க. எண் ௨ பார்வைக்கு உ. ௭ எ, ௮ அ. எல்லாமே தமிழ் எழுத்துமுறைதான், கலப்பே இல்லை. ஸ்ரீ, ஶ்ரீ இரண்டையும் பாருங்கள்: ஒன்று ஸ-வில் தொடங்குகிறது, மற்றொன்று ஶ-வில். பல எழுத்துருக்களில் ஒரே உருவம்தான் வரும், ஆனால் இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்காது. ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற எழுத்தை வைத்தால் ஔகாரக் குறி போலத் தெரிவதும் இதே கதை.

ஆனாலும் பார்சர் இவற்றைத் தடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. "ஸ்ரீ" வைத்த பெயரை முறையாகப் பதிந்தவரின் தளத்தை உங்கள் லைப்ரரி திறக்க மறுத்தால், தண்டனை அவருக்குத்தான். ஒத்த உருவங்களைக் கட்டுப்படுத்த வேண்டிய முதல் இடம் பதிவாளர்களின் விதிகள். அடுத்தது, பெயரைத் திரையில் காட்டும் மென்பொருள். உலாவிகள் சந்தேகத்துக்குரிய பெயரை எக்ஸ்என்-- வடிவத்திலேயே காட்டுவது அதனால்தான். லைப்ரரி இரண்டு வடிவங்களையும் தெளிவாகக் கொடுத்தால், எதைக் காட்டுவது என்று பயன்பாடு முடிவு செய்துகொள்ளும். யூனிகோடின் யுடிஎஸ் 39 ஒத்த உருவங்களைக் கண்டறியும் முறையைத் தருகிறது. அதைத் தனித் தொகுதியாக வையுங்கள்.

உள்ளீடே எக்ஸ்என்-- என்று வந்தால், அது ஏற்கெனவே ஆஸ்கிதானே? அப்படியே விட்டுவிடலாமா?

விடக் கூடாது. அவிழ்த்து, உள்ளே இருப்பது செல்லுபடியாகும் பெயரா என்று பார்த்து, மறுபடி மாற்றினால் அதே ஆஸ்கி வடிவம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரஸ்ட் மொழியின் ஐடிஎன்ஏ லைப்ரரியில் 2024-இல் வெளியான சிவிஇ-2024-12224 இதைப் பற்றியதுதான்: அவிழ்த்தால் வெறும் ஆஸ்கிப் பெயராகவே வரும் போலி லேபிள்களை அது ஏற்றுக்கொண்டிருந்தது. ஒரு நிரலுக்கு அது வேறு பெயர், இன்னொன்றுக்கு அதே பெயர். 1.0 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள்.

சி மொழியில் அவிழ்ப்பானைச் சொந்தமாக எழுதுபவர்களுக்கு: 2022 நவம்பர் 1 அன்று, குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 3.0.7 அவசரமாக வெளிவந்ததற்குக் காரணம் பியூனிகோடு அவிழ்க்கும் நிரலில் இருந்த பஃபர் வழிவுதான் (ஒதுக்கிய நினைவகத்துக்கு அப்பாலும் எழுதிவிடுவது). எண் வழிவையும் விளைவின் நீளத்தையும் ஒவ்வொரு சுற்றிலும் சோதியுங்கள்.

மூன்றாம், நான்காம் இடங்களில் சிறுகோடு உள்ள பெயர்களை மறுக்க வேண்டுமா?

வேண்டாம், அதைப் பார்க்கும் செக்ஹைஃபன்ஸ் என்ற யுடிஎஸ் 46 சோதனை அணைந்தே இருக்கட்டும். யூடியூப் காணொளிகளை வழங்கும் சர்வர்களின் பெயர்களிலேயே அந்த இடங்களில் சிறுகோடுகள் உண்டு. அடிக்கோடும் அப்படியே, நிஜ உலகில் இருக்கிறது.

பைதான், ஜாவா, கோ, பிஎச்பி, நோடு: இவற்றில் இருப்பதை அப்படியே நம்பலாமா?

நோடில் யுஆர்எல் என்ற கிளாஸைப் பயன்படுத்தினால் உலாவி செய்வதே நடக்கும். பழைய பியூனிகோடு தொகுதியைத் தனியே அழைக்காதீர்கள். அது கைவிடப்பட்டது மட்டுமல்ல, வெறும் பியூனிகோடு என்பது ஐடிஎன்ஏ ஆகாது: இயல்பாக்கமும் சோதனைகளும் அதில் கிடையாது.

பைதானில் உள்ளமைந்த ஐடிஎன்ஏ கோடெக் இன்றும் 2003 தரம்தான். "ரிக்‌ஷா" போன்ற பெயரில் தடுப்புக் குறியை அது நீக்கிவிடும், உலாவி வைத்துக்கொள்ளும். தனியாக நிறுவும் ஐடிஎன்ஏ தொகுதி 2008 தரம், அதில் யுடிஎஸ் 46 விருப்பத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஜாவாவின் ஐடிஎன் கிளாஸும் 2003. அதோடு ஜாவாவின் யுஆர்ஐ கிளாஸுக்குத் தமிழ் ஹோஸ்ட் கொடுத்தால், பிழை எதுவும் சொல்லாமல் கெட்ஹோஸ்ட் வெறுமையைத் தரும். இதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் பிடிக்கும், ஏனென்றால் தவறு தெரிவது எங்கோ தொலைவில் உள்ள வேறொரு வரியில். அங்கே ஐசியு4ஜே என்ற யூனிகோடு லைப்ரரியை எடுப்பது நல்லது.

கோ மொழியில் யுஆர்எல் தொகுதி ஹோஸ்டை மாற்றுவதே இல்லை. எச்டிடிபி தொகுதிதான் கோரிக்கை அனுப்பும்போது மாற்றுகிறது. எனவே அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடும் முன் நீங்களே மாற்ற வேண்டும். பிஎச்பியின் பார்ஸ்_யுஆர்எல்லும் மாற்றாது. அங்கே ஐடிஎன் செயல்கூறை அழைக்கும்போது நான்டிரான்சிஷனல் கொடியை வெளிப்படையாகக் கொடுங்கள்.

குக்கி, சான்றிதழ், டேட்டாபேஸ்: எந்த வடிவத்தில் ஒப்பிடுவது?

எல்லாமே ஆஸ்கி வடிவத்தில். டிஎல்எஸ் சான்றிதழில் (எச்டிடிபிஎஸ் தளத்தின் அடையாளச் சான்று) டொமைன் அந்த வடிவத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் (கீழே பிறர் பெயர் பதியக்கூடிய பின்னொட்டுகளின் பட்டியல்) கோப்பில் மட்டும் .இந்தியா போன்றவை தமிழிலேயே இருக்கும், ஏற்றும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். டேட்டாபேஸில் தமிழ் வடிவத்தைச் சாவியாக வைத்தால், முன்னே சொன்ன இரண்டு "கொ"-க்களும் இரண்டு வரிகளாகிவிடும்.

எச்டிடிபி, வெப்சாக்கெட், எஃப்டிபி போன்ற திட்டங்களுக்கு (யுஆர்எல்லின் தொடக்கத்தில் வரும் "http:" போன்ற பகுதி) மட்டும்தான் யுஆர்எல் தரம் ஐடிஎன்ஏ செய்யச் சொல்கிறது. டேட்டாபேஸ் இணைப்பு முகவரி போன்ற மற்றத் திட்டங்களில் ஹோஸ்ட் விழுக்காட்டுக் குறிகளாகவே நிற்கும். இரண்டையும் ஒரே பட்டியலில் ஒப்பிட்டால் பொருந்தாது.

இவ்வளவு சோதனை போட்டால் வேகம் குறையாதா?

பெயர் முழுவதும் ஆஸ்கியாக இருந்து, எந்த லேபிளும் எக்ஸ்என்-- என்று தொடங்காவிட்டால், சிறிய எழுத்தாக்கினால் ஐடிஎன்ஏ வேலை முடிந்தது. பெரும்பாலான முகவரிகள் இந்தக் குறுக்கு வழியில் போய்விடும். சிறிய எழுத்தாக்கும்போது கணினியின் மொழி அமைப்பைத் தொடாதீர்கள். துருக்கிய அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்து I, மேலே புள்ளியில்லாத ı ஆகிவிடும்.

உண்மையான கவலை வேறு: மிக நீண்ட உள்ளீடு. பைதானின் உள்ளமைந்த கோடெக்கிலும் (சிவிஇ-2022-45061), தனித் தொகுதியிலும் (சிவிஇ-2024-3651), நீளம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும் ஓட்டைகள் இருந்தன. டிஎன்எஸ் பெயர் மொத்தம் 253 எழுத்துக்கு மேல் போகாது. உள்ளீட்டுக்கு அதைவிடத் தாராளமான, ஆனால் உறுதியான ஒரு வரம்பை முன்கூட்டியே வையுங்கள்.

மின்னஞ்சல் முகவரிக்கும் இதே செயல்கூறைப் பயன்படுத்தலாமா?

@ குறிக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு மட்டும். முன்னால் உள்ள தமிழ்ப் பெயரைப் பியூனிகோடாக மாற்றவே கூடாது, அதற்கு எஸ்எம்டிபியுடிஎஃப்8 (ஆஸ்கி அல்லாத அஞ்சல் முகவரிகளுக்கான நீட்டிப்பு) ஆதரவுள்ள அஞ்சல் சர்வர் வேண்டும்.

எதை வைத்துச் சோதிப்பது?

யுடிஎஸ் 46-உடன் யூனிகோடு கன்சார்ட்டியம் ஒரு சோதனைக் கோப்பை ஒவ்வொரு பதிப்புக்கும் வெளியிடுகிறது. வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் திட்டத்திலும் ஹோஸ்ட் சோதனைகள் நிறைய உண்டு. இரண்டையும் ஓட்டுங்கள், உங்கள் அட்டவணையின் யூனிகோடு பதிப்பும் சோதனைக் கோப்பின் பதிப்பும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டு.

அவற்றோடு தமிழுக்கு என்று இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு விதமாகத் தட்டிய கொ, கோ, கௌ ஒரே விளைவைத் தர வேண்டும். ஸ்ரீ, ஶ்ரீ இரண்டும் வெவ்வேறு விளைவு தர வேண்டும். ரிக்‌ஷா, ரிக்ஷா இரண்டும் வேறாக வேண்டும். தடுப்புக் குறி உயிர்க்குறிக்குப் பின் வந்தால் பிழை. லேபிள் தனி உயிர்க்குறியில் தொடங்கினால் பிழை. "சிங்கப்பூர்" போலப் புள்ளியில் முடிந்தால் சரி. ௧௨௭.௦.௦.௧ ஐபி முகவரி ஆகக் கூடாது.